மழை வருமுன் அளந்துவிடுங்கள்

கரிசல் மண்ணுக்கு விசித்திரமான ஒரு குணம் உண்டு. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போய்விடும்படி வாய் பிளந்து கிடக்கும் அந்த மண், ஐப்பசியில் மழை விழுந்து ஊறியதும் பொதுபொதுவென்று உப்பி, வெடிப்புகளையெல்லாம் தானே மூடிக்கொண்டு, நேற்று இங்கே பிளவு இருந்தது என்று ஒருவன் சொன்னாலும் நம்புவதற்கு ஆளில்லாதபடி செய்துவிடுகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம், கயத்தாறு என்று பரந்து கிடக்கும் இந்த மானாவாரிப் பூமியில் பயிர் செய்கிற சம்சாரிக்கு இக்குணம் பெரிய உபகாரம். மழை ஓய்ந்த பின்னும் ஈரத்தைப் பிடித்து வைத்து, உளுந்தையும் பாசியையும் சோளத்தையும் விளைச்சல் வரை கொண்டு சேர்ப்பது அதுவே. சர்க்கார் பணம் செலவான விதத்தை ஆராயப் புகுகிறவனுக்கோ இதைவிடச் சங்கடமான மண் வேறில்லை. ஆனியில் கண்மாய்க்குள் வெட்டிய குழியும், ஆடியில் உயர்த்திய கரையும், ஆவணியில் தோண்டிய பண்ணைக்குட்டையும், தூர்வாரியதாகச் சொல்லப்படும் ஓடையும் கார்த்திகை முடிவதற்குள் கரைந்தும் தூர்ந்தும் உருமாறிப் போன பிறகு, வெட்டியது மூன்றடியா ஒன்றரை அடியா என்பதைப் பிரம்மதேவனே வந்தாலும் நிர்ணயிக்க முடியாது. அப்போது எஞ்சி நிற்பது அளவுப் புத்தகத்தில் எழுதிய எண் ஒன்றுதான்.

பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதைப் பற்றி நம் தேசத்தில் கடந்த முப்பது ஆண்டுகளாக நிறையப் பேசியாயிற்று. சட்டங்களும் குறைவின்றி வந்திருக்கின்றன. கேட்கிற உரிமை யாருக்கு, எந்த ஷரத்தின்கீழ், எந்த அதிகாரியிடம் என்பவற்றையெல்லாம் விஸ்தாரமாக விவாதித்த நாம், எந்த மாதத்தில் கேட்பது என்ற சின்னக் கேள்வியை ஏனோ லட்சியம் செய்யாமல் விட்டுவிட்டோம். வறண்ட நிலத்து ஊர்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே முதலாவது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே பணம் செலவாகும் வழியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை ஜனங்கள் நூறு நாள் வேலை என்றுதான் அழைத்தார்கள். இருபது ஆண்டுக் காலம் கரிசல் கிராமங்களுக்குள் வந்து சேர்ந்த சர்க்கார் பணத்தில் கணிசமான ஒரு பங்கு அதன் வழியாகவே வந்தது. அதன் செலவில் நூற்றுக்கு 60 பங்குக்குக் குறையாமல் கூலிக்கும், 40 பங்குக்கு மிகாமல் பொருள்களுக்கும் போக வேண்டும் என்பது விதியாயிருந்தது. ஆகவே நடந்தவற்றில் மிகுதி மண் வேலை. ஓவர்சியர் வந்து நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதுவார்; மேலுள்ள பொறியாளர் அதைச் சரிபார்ப்பார்; வட்டார வளர்ச்சி அலுவலகம் அனுமதிக்கும்; கூலி வங்கிக் கணக்குக்குப் போகும். ஒரே ஓவர்சியர் பல ஊராட்சிகளைச் சுமக்கிறார் என்பதையும், ஒரு நாளில் அத்தனை ஊர்களின் குழிகளிலும் இறங்கி நாடா பிடிக்க அவருக்கு இயலாது என்பதையும் நியாய புத்தியோடு நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இயலாததை ஒருவரிடம் எதிர்பார்க்கும் ஏற்பாட்டில், வேலைத்தளத்தைக் கவனிக்கும் மேட் சொன்ன அளவே புத்தகத்தின் அளவாகிவிடுவது அதிசயமன்று.

இவற்றையெல்லாம் பிற்பாடு பரிசீலிக்கப் பல கண்கள் இருக்கின்றன. உள்ளாட்சி நிதித் தணிக்கை உண்டு. அதற்கும் மேலே இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் உண்டு. இவை தவிர, வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு கிராம சபைக்கே தணிக்கை செய்யும் உரிமையை அளித்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்று 2011-இல் வகுத்த விதிகள் கட்டளையிட்டன. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனியே ஒரு சங்கம் அமைக்கப்பட்டு, மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளிலும் அதன் ஆட்கள் வீடு வீடாகச் சென்று கேட்டு, கிராம சபையில் வாசித்து வந்திருக்கிறார்கள். வேறு பல மாநிலங்கள் ஏட்டளவில் வைத்திருந்ததை இங்கே உண்மையிலேயே நடத்தினார்கள் என்பதற்காக நம் மாநிலத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பலன் என்ன என்று பார்த்தால் மனம் சோர்கிறது. 2017-18 முதல் 2020-21 முடிய நான்கு ஆண்டுகளில் இந்தியா முழுவதிலும் சமூகத் தணிக்கைகள் எடுத்துக் காட்டிய முறைகேட்டுத் தொகை சுமார் 935 கோடி ரூபாய்; அதில் திரும்ப வந்தது சுமார் 12.5 கோடி. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 245 கோடி. திரும்ப வந்தது 2 கோடிக்குச் சற்று மேல். தமிழ்நாட்டின் தொகை பெரிதாயிருப்பதைக் கண்டு, இங்கேதான் அக்கிரமம் அதிகம் என்று அவசரப்பட்டுத் தீர்மானிப்பது பிசகு. தேடியவன் கண்டான் என்பதே அதன் பொருள். ஆனால் கண்டது நூறு ரூபாய் என்றால், மீண்டது ஒரு ரூபாய் கூட இல்லையே, அது ஏன்?

சட்டத்தின் பலவீனம் ஒரு காரணம். வேலை உறுதிச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி அதை மீறியவருக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்ச வரம்பு ஆயிரம் ரூபாயாக இருந்தது. 2025-26-இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாயாக இருக்க, மண் சுமக்கும் ஒருவர் மூன்று நாளில் சம்பாதிக்கும் தொகைக்கும் குறைவாகத் தண்டம் வைத்துவிட்டு, அதற்குப் பயந்து கை நடுங்குவார்கள் என்று எதிர்பார்த்த சட்ட நிபுணர்களின் நல்லெண்ணத்தை என்னவென்று சொல்வது! ஆயினும் அபராதத்தை லட்ச ரூபாயாக்கினாலும் காரியம் முழுதும் நடந்துவிடாது. சமூகத் தணிக்கை ஊருக்கு வருவது, பெரும்பாலும், முந்தின நிதியாண்டின் வேலைகளைப் பரிசீலிக்க. இடையில் ஒரு வடகிழக்குப் பருவம் போயிருக்கும். ஓவர்சியருக்கு இடமாற்றம் வந்திருக்கும். தணிக்கை செய்கிறவர் கண்மாய்க்குள் இறங்கி, ஆழம் குறைகிறதே என்று கேட்டால், மழையில் தூர்ந்துவிட்டது என்று பதில் வரும். அந்தப் பதில் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. மெய்யாகவே தூர்ந்துபோன கண்மாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பந்தி முடிந்து இலையை எடுத்து எறிந்த பிறகு, யாருக்கு எத்தனை வடை விழுந்தது என்று விசாரிப்பதைப் போன்றதே இது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் கொட்டிய மழையை இவ்விடத்தில் நினைவு கூரலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஜில்லாவில் எத்தனையோ கண்மாய்கள் உடைப்பெடுத்தன. அந்தப் பிரளயத்துக்குப் பிறகு, அதற்கு முன் நடந்த கரை வேலைகளைப் பற்றி எவரும் எதையும் கேட்க முடியாமல் போயிற்று. செய்யாத வேலைக்குப் பணம் எடுத்தவன் எங்கேனும் இருந்திருந்தால் அவன் தப்பினான். இதைவிட வருந்தத்தக்கது, ஒழுங்காக வேலை செய்து கரையை உயர்த்திய உத்தியோகஸ்தர்களுக்கும், தாங்கள் செய்ததற்கு அத்தாட்சி இல்லாமல் போனது.

சமூகத் தணிக்கை என்ற முறை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ராஜஸ்தானத்து வறண்ட கிராமங்களில் அருணா ராய் முதலானோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் முதல் ஜன விசாரணையை நடத்தியபோது, வருகைப் பட்டியலை உரக்க வாசித்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும், நம் சமூகத் தணிக்கைக்கும் அதுவே பிறப்பிடம். அந்த முறையின் வலிமை எங்கே இருந்தது என்று யோசித்தால், மனிதனுடைய ஞாபகத்தில் இருந்தது. தான் வேலைக்குப் போகவில்லை என்பது ஒருவனுக்கு இரண்டு வருஷமானாலும் மறக்காது. கண்மாயின் ஆழம் அப்படி ஞாபகத்தில் நிற்பதன்று. பெயர்களைப் பற்றிய புரட்டைக் கண்டுபிடிக்க ராஜஸ்தானத்து முறை போதும். மண்ணைப் பற்றிய புரட்டுக்கு அது போதாது.

மண்ணைப் பற்றி நமக்குப் பாடம் சொல்வது இந்தோனேசியா. அங்கே கிராமங்களில் சர்க்கார் செலவில் போட்ட சாலைகளைப் பற்றி பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார நிபுணர் ஓர் ஆராய்ச்சி செய்து 2007-இல் வெளியிட்டார். 600-க்கு மேற்பட்ட கிராமங்களில், போட்ட சாலையைப் பல இடங்களில் தோண்டி, உள்ளே எத்தனை கல், எத்தனை மணல் உண்மையில் கிடக்கிறது என்று பொறியாளர்களை வைத்து அளந்து, கணக்கில் எழுதியதோடு ஒப்பிட்டார். ஊர்க் கூட்டங்களுக்கு ஏராளமான பேரை அழைத்ததால் சராசரியில் பெரிய மாறுதல் ஒன்றும் ஏற்படவில்லை. கிராம சபையின் மேல் பக்தி கொண்ட என் போன்றவர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால், வேலை தொடங்குமுன்பே, உங்கள் சாலை நிச்சயமாகத் தணிக்கைக்கு உட்படும் என்று அறிவித்த கிராமங்களில், காணாமற்போகும் பணம் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவுக்குக் குறைந்தது. கடப்பாரையோடு ஒருவன் வருவான் என்று முன்கூட்டித் தெரிந்திருப்பதே காரியம் செய்தது. கூட்டம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அளவு நாடா இல்லாத கூட்டம் வெறும் பேச்சாகப் போய்விடுகிறது என்று மட்டும் நான் கொள்கிறேன்.

நம் சர்க்கார் நாடாவுக்குப் பதிலாகப் புகைப்படக் கருவியை நம்பியது. வேலைக்கு வந்தவர்களைத் தினமும் இரண்டு முறை கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் எங்கும் கட்டாயமாயிற்று. இரண்டரை ஆண்டு கழித்து, 2025 ஜூலையில், மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, சம்பந்தமில்லாத படங்களும் படத்தையே படம் பிடித்த படங்களும் வந்து சேருகின்றன என்று மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. வெயிலில் நிற்கும் கிழவிகளை நாள்தோறும் இரண்டு முறை வரிசையில் நிறுத்திச் சந்தேகித்த அந்த ஏற்பாட்டில், அவர்கள் வெட்டிய குழியை ஒரு முறையேனும் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்ற நினைப்பு முதன்மை பெறவில்லை. ஏழைகளின் முகத்தில் திருட்டைத் தேடுவது நம் நிர்வாகத்துக்கு நெடுநாளைய பழக்கம்.

கரிசல் நாட்டில் அளவெடுப்புக்குரிய வழி ஒன்று மண் வெட்டும் தொழிலிலேயே இருக்கிறது. குழி வெட்டும்போது நடுவே சிறு மண் திட்டுகளை வெட்டாமல் விட்டு வைப்பார்கள். பழைய தரை மட்டம் எது, எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அத்திட்டுகள் காட்டும். அளவெடுத்து முடிந்ததும் அவற்றையும் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஓவர்சியர் அளந்த மறுநாளே அத்திட்டுகளை அகற்றாமல், ஊரார் கூடி அளந்து கையொப்பமிடும் வரை அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே நான் முன்வைக்கும் யோசனையின் சாரம். மே 1 கிராம சபையில், இந்த ஆண்டு எந்தக் கண்மாயில் எத்தனை அடி, எந்த ஓடையில் எத்தனை தூரம், எத்தனை ரூபாய் என்று வாசித்துச் சுவரில் எழுதிவிட வேண்டும். இன்ன வாரத்தில் அளவெடுக்க வேற்று ஒன்றியத்திலிருந்து ஆள் வருவார் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டு 15 கிராம சபை கூடும் ஆடி மாதக் கடைசியில் கண்மாய்கள் வறண்டு கிடக்கும்; அன்றைக்கு அந்தத் திட்டுகளின் பக்கத்தில் நின்று நாடா பிடிக்கலாம். அக்டோபர் 2 வரை தள்ளிப்போட்டால் பயனில்லை. புரட்டாசியில் சம்சாரி விதைப்பில் இருப்பான். அவனைக் காந்தி ஜயந்தியன்று கூட்டத்துக்கு வரவில்லை என்று குறை கூறுவது பட்டணத்து நாள்காட்டியின் குற்றம்.

இந்த முறை பழைமைக்குத் திரும்புவது என்று யாரும் எண்ண வேண்டாம். ஊராரே கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற பெயரைக் கேட்டவுடன் சிலருக்குப் பொற்காலம் கண்ணில் தெரிகிறது. 1858-இல் சென்னை ராஜதானியில் இயற்றிய சட்டம், கரை உடையும் ஆபத்தில் ஊரார் உழைப்பைக் கட்டாயமாக வாங்கவும், வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்தைச் செய்யாதவரிடம் பணம் வசூலிக்கவும் வகை செய்தது. அந்த உழைப்பு யாருடைய முதுகிலிருந்து வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜமீன்தாரின் கண்மாயில் கணக்குக் கேட்கும் உரிமை எந்தக் குடிக்கும் இருந்ததில்லை. தமிழக அரசு 2016-17-இல் அப்பெயரைப் புதுப்பித்து, 100 கோடி ரூபாய் செலவில் 1,519 பணிகளை எடுத்தபோது, பாசனக்காரர்களே சங்கமாகச் சேர்ந்து, பத்தில் ஒரு பங்கைத் தாங்கள் ஏற்று வேலை செய்ய வேண்டும் என்று வைத்தது நல்ல யோசனை. தன் பங்கைப் போட்டவன் அளவைக் கவனிப்பான். ஆனால் சங்கம் எது, அதில் யார் என்பது ஊரின் பலசாலிகளால் தீர்மானமாகும் இடங்களில், வேலை செய்தவரும் அளந்தவரும் ஒருவரேயாகிவிடும் அபாயம் இருந்தது. ஆகவேதான் அளக்க வருகிறவர் வேற்றூராராய் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஊரார் சாட்சி, அந்நியர் நாடா.

மண் வேலைக்கு நான் சொல்லும் இந்த நியாயம் பயிர்க் காப்பீட்டுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். 2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபிப் பருவத்து உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் சம்சாரி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். எஞ்சிய பிரீமியத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் கட்டுகின்றன. ஆகவே அதுவும் பொதுப் பணமே. இழப்பீடு உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது பயிர் அறுவடைப் பரிசோதனை: ஊரில் குறிப்பிட்ட சில புஞ்சைகளில், சிறிய சதுரம் ஒன்றை அளந்து, அதில் விளைந்ததை அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்ப்பார்கள். முக்கியப் பயிர் என்றால் கிராமத்துக்கு நான்கு இடம். அந்த நான்கு சதுரங்களின் எடையில் ஓர் ஊர் முழுவதன் பாக்கியமும் அடங்கியிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அறுவடை முடிந்தால் சாட்சியமும் அதோடு போயிற்று; பிற்பாடு எவர் வந்து எதைப் பார்ப்பது? ஒரே மழை, ஒரே பட்டம், ஒரே மண். ஆனாலும் அந்த ஊருக்கு இழப்பீடு வந்தது, எங்கள் ஊருக்கு வரவில்லையே என்ற புலம்பலை இந்தப் பக்கம் கேட்காதவர் இருக்க முடியாது. எங்கள் ஊர்ப் புஞ்சையில் யார், என்றைக்கு அறுத்துப் பார்த்தார்கள் என்று அவர்களையே கேட்டால், பெரும்பாலும் தெரியாது என்றுதான் சொல்கிறார்கள். சர்வே எண்ணை முன்னதாக வெளியிட்டால் அந்தப் புஞ்சையை மட்டும் கருக விட்டுவிடுவார்கள் என்று ஆட்சேபிக்கலாம், அது நியாயமே. அறுவடைக்கு முந்தின நாள் மாலையில் தண்டோராப் போட்டாலும், கிராமத்துக்குரிய வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டாலும் போதும். நிறுத்த எடையை அந்தப் புஞ்சைக் கரையிலேயே உரக்கச் சொல்லி, பத்துப் பேர் கேட்க எழுதினால், பிற்பாடு அந்த எண்ணை மாற்ற எந்த நிறுவனமும் எந்த அலுவலகமும் துணியாது.

இவ்வளவும் சொல்லும்போது ஓர் இடர்ப்பாட்டை மறைக்கக் கூடாது. நாடா பிடித்துக் குறை கண்டால் யாரைக் கேட்பது? தூத்துக்குடி முதலான 27 ஜில்லாக்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போயிற்று. அதற்கு முன்பும், 2016 அக்டோபர் முதல் 2019 முடியும் வரை, மூன்று ஆண்டுகளுக்கு மேல் இதே நிலை இருந்தது. செலவு செய்கிறவரும், கிராம சபையைக் கூட்டுகிறவரும், அதில் எழும் கேள்விக்குப் பதில் எழுதுகிறவரும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவராயிருக்கும்போது, தணிக்கை ஒரு சடங்காகத் தேய்வது இயல்பு. ஊராட்சித் தலைவர்கள் அனைவரும் உத்தமர்கள் என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் அவர்கள் அந்த ஊரின் டீக்கடையைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். தனி அலுவலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நம் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைத்தளத்தில் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டு, அளவு முழுதாக எழுதப்படுவதை விரும்புகிறவர்களும் நம் ஊர்களில் உண்டு. அவர்களுடைய மௌனத்தை அந்தச் சலுகையால் வாங்கிக்கொண்டுதான் பெரிய தொகை பொருட்செலவில் நழுவுகிறது. குழியின் ஆழம் ஊரறிய அளக்கப்பட்டால், சில வாரங்களில் கூலி குறையவும் கூடும். அந்த நஷ்டத்தைச் சொல்லாமல் இந்த யோசனையைச் சொல்வது நேர்மையாகாது. அதே சமயம், கல் போன்று இறுகிய கோடைக் கரிசலில் ஒரு கிழவியால் எத்தனை வெட்ட முடியும் என்ற உண்மையும் அப்போதுதான் சர்க்காருக்குத் தெரிய வரும். அளவு விகிதமே கரிசலுக்கு ஏற்றதா என்ற கேள்வி, மெய்யான அளவுகள் எழுதப்படாதவரை எழவே எழாது.

2025 டிசம்பரில் வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நூறு நாள் நூற்றிருபத்தைந்தாயிற்று, செலவில் மாநிலங்களின் பங்கும் ஏறிற்று. அதன் குணதோஷங்களைப் பற்றி வேறிடத்தில் சண்டையிடலாம். மாநிலங்கள் தத்தம் திட்டத்தை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அச்சட்டம் வைத்திருப்பதால், அளவெடுப்பை எந்த மாதத்தில், யார் முன்னிலையில் செய்வது என்று எழுதிக்கொள்ளச் சென்னைக்கு இடமிருக்கிறது. சமூகத் தணிக்கைக்கென்று வேலை உறுதித் திட்டச் செலவில் நூற்றுக்கு அரை ரூபாய் வரை மத்திய சர்க்கார் கொடுத்து வந்தது. ஆடி மாதத்து அளவெடுப்புக்கு ஆகும் பயணப்படியும் நாடாச் செலவும் அதனுள் அடங்கிவிடும். மாநிலம் முழுதும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், புதூர் ஆகிய ஐந்து ஒன்றியங்களில், ஒன்றியத்துக்குப் பத்துக் கண்மாய்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவற்றில் மட்டும் திட்டுகளை நிறுத்தி வைத்து, வரும் ஆடியில் அளந்து பார்க்கலாம். எஞ்சிய கண்மாய்களின் புத்தக அளவோடு அவற்றை ஒப்பிட்டால், எத்தனை ரூபாய் மழையோடு போகிறது, எத்தனை மழைக்கு முன்பே போகிறது என்பது மார்கழிக்குள் தெரிந்துவிடும்.